அரக்கில் பச்சை பார்டர்

சாம்பார் கறை வெளியே தெரியாத நிறம் எது என்று யோசித்தபடி கரியாஹாட் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பௌதி. மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தாள்.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்துக்காரி, வீட்டு ஓனரின் மனைவி. என் வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சில் ஆபீஸ். மாற்றலாகி மதுரையிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் என் சாம்பார் கிண்ணம் கீழே போனது, அவளுடைய மீன் கிண்ணம் மேலே வந்தது. அப்படியே பழக்கமாகிவிட்டது. நாங்கள் பேசுவதில் பாதி இந்தி, பாதி வங்காளம், மிச்சம் கை ஜாடை. இங்கே என் வசதிக்காக எல்லாரையும் தமிழிலேயே பேச வைக்கிறேன்.

எங்கள் காலனியில் குளிர்காலத்தில் மைதானத்தில் மூன்று நாள் உணவு மேளா நடக்கும். நடத்துவது தெருவின் கிளப். பௌதியின் கணவர், நாங்கள் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிறவர், அந்தக் கமிட்டியில் இருந்தார். மைதானத்தை ஒட்டி கிளப்புக்குச் சொந்தமான ஒரு சின்ன அறை வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இந்தத் தடவை மேளாவில் எந்தக் கடை நன்றாக நடக்கிறதோ அவர்களுக்கே அந்த அறையை டிபன் கடைக்குக் கொடுப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து பௌதிக்கு வேறு பேச்சு கிடையாது.

"முப்பது வருஷமா சமைக்கிறேன். தட்டு வச்சா சாப்பிடுறாங்க, எந்திரிச்சுப் போறாங்க. ஒரு தடவயாச்சும் நாலு பேரு வரிசைல நின்னு, காத்திருந்து, என் கையால வாங்கிச் சாப்பிடணும்," என்றாள். எனக்கு அந்த அறை வேண்டும் என்றெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு எப்போது மாற்றல் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு அது கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். தோசை, பொடி இட்லி என் பங்கு, லூச்சி என்கிற மைதா பூரியும், ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் அவள் பங்கு. கல்லைப் பார்த்துக்கொள்ள கட்டக்கிலிருந்து வந்த ஒரு தோசை மாஸ்டரைப் பேசி வைத்தாயிற்று. தட்டு எடுக்க, கொடுக்க பௌதி வீட்டில் வேலை செய்த மாசி என்கிற அம்மாள். ஆக நாலு பேர்.

நாலு பேரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்றது நான்தான். சேலை ஒன்று, நைட்டி ஒன்று, பனியன் ஒன்று என்று நின்றால் கல்யாண வீட்டுப் பின்கட்டு மாதிரி இருக்கும், யாரும் கடை என்று நம்ப மாட்டார்கள் என்றேன். பௌதி உடனே சரி என்றாள். பிறந்ததிலிருந்து டீ ஷர்ட் போட்டதில்லையாம். சல்வாரின் மேல் போட்டால் வயிறு தெரியுமா என்று மட்டும் கேட்டாள். மேலே ஏப்ரன் வரும், தெரியாது என்று சொன்னேன்.

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரிண்ட் கடை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் கேள்விகளோடு தயாராகப் போயிருந்தேன். துணி பாலியஸ்டரா, பருத்தியா? பாலியஸ்டர் அடுப்புச் சூட்டில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். எழுத்தை அயர்ன் பண்ணி ஒட்டுவீர்களா, ஸ்கிரீன் வைத்து அச்சடிப்பீர்களா? ஒட்டுகிற எழுத்து தோசைக்கல் பக்கம் நின்றால் இரண்டாம் நாளே ஓரம் தூக்கிக்கொள்ளும் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஸ்கிரீன் பிரிண்ட், பருத்தி, காலர் வைத்தது, முதுகில் வங்காள எழுத்தில் 'கொரொம் கொரொம் தோசா', அதாவது சூடான சூடான தோசை. லூச்சியை ஏன் எழுதவில்லை என்று பௌதி கேட்டாள். அதுவும் சேர்ந்தது.

நிறத்தில்தான் நின்றது. வெள்ளை எடுத்தால் மஞ்சள் கறை. கறுப்பு எடுத்தால் மாவு தெரியும், போதாததற்கு முதன்முதலாகத் தொடங்கும் காரியத்துக்குக் கறுப்பா என்று என் அம்மா போனிலேயே சண்டைக்கு வருவாள். கடைக்காரர் அடுக்கு அடுக்காக எடுத்துப் போட்டார். நடுவில் ஒன்று வந்தது பாருங்கள், எனக்கு அப்படியே மனம் குளிர்ந்துவிட்டது. நல்ல அரக்கு நிறம். காலரும் கை ஓரமும் கிளிப்பச்சை. என் கல்யாணப் புடவையே டீ ஷர்ட்டாக வந்து விழுந்த மாதிரி இருந்தது. அரக்கில் பச்சை பார்டர் என்றால் எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு மங்கலம் கிடையாது. சாம்பார் என்ன, குழம்பையே கொட்டினாலும் தெரியாது.

"இதுதான்," என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "கடை எங்க போடுறீங்க தீதி?"

டாலிகஞ்சில் காலனியின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "இன்னொரு தடவ யோசிச்சுக்கோங்க."

எனக்கு இதுதான் பிடிக்காது. நாம் கேட்பதை விட்டுவிட்டு விற்காமல் கிடப்பதைத் தலையில் கட்டப் பார்க்கிற கடைக்காரர்களை மதுரையிலேயே நிறையப் பார்த்தவள் நான். "யோசிச்சுத்தான் சொல்றேன். நாலு குடுங்க," என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் பௌதியின் பக்கம் திரும்பினார். அவள் அந்தப் பச்சைக் காலரை இரண்டு விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு," என்றாள் துணியைப் பார்த்தபடியே. "ரொம்ப நல்லாருக்கு."

பிரிண்ட் முடிந்து வந்தபோது மேளாவுக்கு நாலைந்து நாள் இருந்தது. அரக்குச் சாயம் போகுமே என்று நாலையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். சொட்டுச் சாயம் போகவில்லை. அந்தப் பெருமையில், மாடிக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, தெருவைப் பார்த்த பால்கனிக் கொடியிலேயே வரிசையாகக் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

எழுப்பியது தெருச் சத்தம். யாரோ கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். 'தாதா, கட்சி மாறிட்டீங்களா?' என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் எதிர்ப்பக்க டீக்கடை மொத்தமும் கழுத்தை அண்ணாந்து எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருதிருவென்று விழித்தேன். அதற்குள் தாதா படியேறி வந்துவிட்டார்.

தாதா ஒல்லியான மனிதர், அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது உடையாமல் வாயில் போடுவதற்கே அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். அவ்வளவு நிதானம். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

"இது என்னம்மா? என் வீட்டு வாசல்ல இது எதுக்குத் தொங்குது?"

"எங்க கடை யூனிபார்ம், தாதா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். கேட்டபின் எனக்கும் உட்கார வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் கால்பந்து கிளப் இரண்டு பெரியவை இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். மேட்ச் நாளில் மெட்ரோவில் நிற்க இடம் இருக்காது என்ற அளவுக்குத்தான் தெரியும். ஒன்றின் நிறம் சிவப்பும் மஞ்சளும். பிரிவினையில் எல்லையைத் தாண்டி வந்த குடும்பங்களெல்லாம் அந்தப் பக்கம். இன்னொன்றின் நிறம் அரக்கும் பச்சையும். இங்கேயே பரம்பரையாக இருந்தவர்கள் அந்தப் பக்கம். முதல் கூட்டம் ஜெயித்தால் வீடுகளில் இலிஷ் மீன், இரண்டாவது ஜெயித்தால் இறால். எங்கள் காலனியோ, அப்படி வீடு வாசலை விட்டு வந்தவர்கள் சேறும் தண்ணீருமாய்க் கிடந்த இடத்தில் குடிசை போட்டு உண்டாக்கியது. அதில் ஒரு குடிசை தாதாவின் அப்பாவுடையது. அங்கே வந்து, கமிட்டிக்காரர் வீட்டு பால்கனியிலேயே, எதிரிக் கொடியை நாலு தடவை ஏற்றியிருக்கிறேன்.

"கமிட்டித் தலைவர் போன் பண்ணிட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனா அந்த ரூமு யாருக்குன்னு சொல்லப்போறது அவருதான்," என்றார் தாதா. "இதப் போட்டுக்கிட்டு நம்ம மைதானத்துல நின்னீங்கன்னா, நான் எப்படி எம் பொண்டாட்டிக்குக் குடுங்கன்னு கை தூக்குவேன்?"

சாயந்திரம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து கேட்டுவிட்டு, சட்டை பொத்தானைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இதுக்குத்தான் லீவு போடுறானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

"என்னைக்கு நீங்க துணி எடுக்கக் கூட வந்தீங்க, கேக்குறதுக்கு?" என்றேன். இருந்தாலும் எனக்கு எரிச்சல் தீரவில்லை. கடைக்காரர் வாயில் என்ன கொழுக்கட்டையா, நேராகச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் அவர்மேல் பாய்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கடைக்காரர் சொல்லாவிட்டால் போகிறது. பக்கத்திலேயே நின்றாளே ஒருத்தி?

விடுவிடுவென்று கீழே இறங்கினேன். பௌதி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் தலை நிமிராமல்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ரூமு வேணும் வேணும்னு அடிச்சுக்கிட்டது நீங்கதான? எனக்கென்ன வந்துச்சு?"

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் பிறந்தது வடக்கே பாக்பஜார் பக்கம். அப்பா, அண்ணன்கள், எல்லாரும் அரக்கு-பச்சை. கல்யாணம் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை இரண்டு வீட்டிலும் கேலியாகப் பேசிச் சிரித்தார்களாம். இங்கே வந்து பார்த்தால் கேலி இல்லை. முதல் வருடமே அவள் பக்கம் தோற்றது, அவளே இலிஷ் மீன் சமைத்துப் பரிமாறினாள். மாமனார் ஒரு துண்டு அதிகமாகப் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்றார். எல்லாரும் சிரித்தார்கள், தாதாவும். அடுத்த தடவை அவள் பக்கம் ஜெயித்தது. வீடே சாவு விழுந்த மாதிரி இருந்தது.

"எனக்குச் சிரிப்பு தாங்கல. என்ன செய்றது? இங்க வந்து குழாயத் திறந்துவிட்டேன். தண்ணி சத்தத்துல சிரிச்சேன். அன்னைலேர்ந்து அப்படித்தான். எங்க பக்கம் ஜெயிச்சா பாத்திரம் தேய்க்க வந்துருவேன்."

நான் பட்டாணிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"நீ அந்தத் துணிய எடுத்தியா... நான் எடுக்கல பாரு. நீதான் எடுத்த. மதறாஸ்காரப் பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு விட்ருவாங்கன்னு நெனச்சேன். மூணு நாளு போட்டுக்கலாம்னு ஒரு ஆசை." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "தப்புதான். உன்ன முன்னால தள்ளிட்டுப் பின்னால நின்னுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. என்னை ஏமாளியாக வைத்து அவள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தாளே என்று சுருக்கென்றது. அதே சமயம், முப்பது வருடம் குழாயைத் திறந்து வைத்துச் சிரித்தவளை என்ன சொல்லித் திட்டுவது என்றும் தெரியவில்லை. ஒரு பிடி பட்டாணியை எடுத்து உரித்துக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் தாதாவே வழி சொன்னார். சிவப்பும் மஞ்சளுமாக எடுத்துவிட்டால் ஒரே அடியில் காரியம் முடியும், தலைவர் வாயெல்லாம் பல்லாகிவிடுவார் என்றார். எனக்கும் அது ஒன்றும் கசக்கவில்லை. மஞ்சள் குங்குமம், அதைவிட மங்கலம் வேறென்ன? ஆனால் டீக் கோப்பையோடு வாசலில் நின்ற பௌதி அதை நீட்டாமலே உள்ளே திரும்பிப் போனாள். அவள் கடை, முதன்முதலாக அவள் பேரைச் சொல்லப்போகிற கடை, அதிலும் அவர்கள் நிறமா? "அதுவும் வேண்டாம் தாதா, இதுவும் வேண்டாம். நான் பொதுவா ஒண்ணு எடுத்துட்டு வரேன்," என்று கிளம்பினேன்.

பொதுவாக ஒன்று எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைக்காரர் இந்தத் தடவை மறைக்கவே இல்லை. கறுப்பு வெள்ளை இன்னொரு கால்பந்து கிளப். சிவப்பு ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, காவி ஒரு கட்சி. நீலமும் வெள்ளையும் என்றால் அரசாங்கம் ஊரில் பாதிப் பாலத்துக்கு அடித்திருக்கும் பெயிண்ட். வெறும் வெள்ளை, வீட்டில் சாவு என்பார்கள். "அப்ப இந்த ஊர்ல மனுஷன் எதத்தான் உடுத்துறது?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடியிலிருந்து ஒரு கட்டை உருவினார். காப்பிப்பொடி நிறம். யாருக்கும் சொந்தமில்லாத நிறம். காலர் இல்லை, வட்டக் கழுத்துதான் கையிருப்பில் இருந்தது. ஏப்ரனும் அதே நிறத்தில் கிடைத்தது. பழைய ஸ்கிரீனையே வைத்து மறுநாளே அடித்துக் கொடுத்தார்.

பழைய நாலில் மாஸ்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார், கட்டக்கில் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். மாசி ஒன்றைத் தன் தம்பிக்குக் கொண்டுபோனாள். என்னுடையதை மடித்து உள்ளே வைத்தேன். பௌதி தன்னுடையதை அலமாரித் தட்டில் விரித்துக்கொள்கிறேன் என்றாள்.

மேளா நன்றாகவே நடந்தது. முதல் நாள் மாவு சீக்கிரம் தீர்ந்துபோய், நான் வீட்டுக்கு ஓடி மறுநாளைக்கு வைத்திருந்ததைத் தூக்கி வந்தேன். பௌதியின் லூச்சிக்கு மைதானத்தின் நடுவரை வரிசை நின்றது. வரிசையை அவள் ஓரக்கண்ணால் பார்ப்பதும், பார்க்காத மாதிரி மாவைத் திரட்டுவதும் எனக்கு மட்டும் தெரிந்தது. தெருக்காரர்கள் விடவில்லை. 'பச்சை சட்னி மட்டும் வேண்டாம், எங்க ஜாதிக்கு ஆகாது' என்று வருகிறவரெல்லாம் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டினார்கள். நானும், பச்சை சட்னி தின்றால்தான் உங்கள் ஆளுங்க கோல் போடுவாங்க என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை பாடுபட்டு யூனிபார்ம் எடுத்தால், பௌதி அதன்மேல் கம்பளி கார்டிகனைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். இந்த ஊர்க்காரர்கள் லேசாகக் காற்றடித்தாலே குரங்குக் குல்லாய் போடுகிறவர்கள்தான். அதற்காக, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டா? வேர்வை கன்னத்தில் வழிந்தது. "கழட்டித் தொலைங்களேன், முதுகுல எழுத்தே தெரியல," என்று மூன்று நாளும் சொல்லிப் பார்த்தேன். குளிருது, குளிருது என்றாள்.

கடைசி நாள் சாயந்திரம் தலைவர் வந்தார். கைத்தடி, மஃப்ளர், பின்னால் கமிட்டி. தாதாவும் கூட்டத்தின் ஓரத்தில், சம்பந்தமில்லாதவர் மாதிரி நின்றிருந்தார். தலைவர் தோசை சாப்பிட்டார். லூச்சி கேட்டார். பௌதி சட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கக் குனிந்தாள், அப்போது கார்டிகனின் மேல் பொத்தான் விட்டுப்போயிருந்தது. கழுத்தோரம் எட்டிப் பார்த்தது, கிளிப்பச்சைக் காலர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று நாளாக அவள் காப்பிப்பொடி நிறத்தைப் போடவே இல்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் இப்படித் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளே என்று பதறினேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் தோசைக்கல். நான் சுற்றிப் போவதற்குள் தலைவர் நிமிர்ந்துவிடுவார்.

தாதாதான் போனார். மூன்று நாளில் ஒரு தடவைகூட மேஜைக்கு இந்தப் பக்கம் வராத மனிதர் விறுவிறுவென்று உள்ளே நுழைந்து, அவள் எதிரே நின்று, அந்தக் காலரை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டு, பொத்தானை மாட்டினார். டீயில் நனைத்த பிஸ்கட்டைத் தூக்குகிற அதே நிதானம். தலைவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இவளுக்கு நெஞ்சு சளி," என்றார் தாதா. "டாக்டர் கழுத்தத் திறக்கவே கூடாதுன்னுட்டார்."

"பாவம், இவ்வளவு சளியோட மூணு நாளா நிக்குதா?" என்றார் தலைவர். இன்னொரு லூச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். போகிறபோது அறைச் சாவியைத் திங்கட்கிழமை கிளப்பில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

தாதா அவர்கூடவே போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பௌதி கையில் ஜல்லிக்கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள். அவளுக்கு ஆயுளில் சளி பிடித்து நான் பார்த்ததில்லை. ரூம் கிடைத்துவிட்டது என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"எனக்காகப் பொய் சொன்னாரு," என்றாள். "பாத்தியா? அவங்க தலைவர்கிட்டயே."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் எங்கேயும் குழாய் இல்லை.